காயறதா, குடுக்கறதா?

இப்போது எங்கள் பஞ்சாயத்துச் சேனையில் சேர்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் கையில் போன் வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டத்தைப் படம் பிடித்தால் போதும். யார் வீடு, என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் பாலக்காடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுமாம். நல்லது. ஆனால் பேட்டரி எடுக்கும் நாளில் அதே பிள்ளைகள் ஒவ்வொரு மதில் முன்னாலும் நின்று, "காயறதா, குடுக்கறதா?" என்று தொண்டை கிழியக் கத்தவும் வேண்டியிருக்கிறது. போன மாதம் இரண்டு பேர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க்கா, போனே எல்லாஞ் சொல்லுது. அப்பறம் எதுக்குங்க தயிர்க்காரியாட்டக் கத்தோணும்? மயிலாத்தாக்காவக் கேட்டா, 'கத்தலைன்னா வேல இல்ல, போய்த் தெய்வானக்காவக் கேளுங்க'ன்னு தொரத்தறாங்க."

மயிலாத்தாள் சும்மா சொல்லவில்லை. அவள் வேலை நிலைத்ததே அந்தக் கத்தலுக்கு முந்திய கூத்தில்தான். வயசாகிவிட்டது, போதும் என்று நான் பச்சைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டேன். வாயைக் கழற்றி மாட்டவில்லை. அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

சேனை என்றதும் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். பச்சைக் கோட்டு, கையுறை, சாக்கு, அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக், கண்ணாடி, பழைய செருப்பு என்று வாங்கி வந்து ஷெட்டில் பிரிக்க வேண்டும். எங்கள் ஊர் சித்தூர் தாலூக்காவின் கிழக்குக் கடைசி. இந்தப் பக்கமும் தென்னந்தோப்பு, அந்தப் பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் எங்கேயோ தமிழ்நாடு ஆரம்பிக்கும். ஆபீஸ் காகிதம் மலையாளத்தில் வரும், வீட்டு வசவு தமிழில் வரும். இரண்டையும் வாங்கிக்கொண்டு வேலை செய்யத் தெரிந்தவர்கள்தான் நாங்கள்.

செத்த பேட்டரியையும் இனி வாங்க வேண்டும், அதை உருக்கிப் புதுச் சாமான் செய்கிற கம்பெனி வண்டி அனுப்பும் என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. பயிற்சி சித்தூரில் ஒரே நாள். வகுப்பு மலையாளத்தில் நடந்ததால் பாதி புரிந்தது. டீயும் பருப்புவடையும் முழுதாகப் புரிந்தன.

மீதிப் பாதியைப் புரியவைத்தவர் எங்கள் மேற்பார்வையாளர் பாஸ்கரன் சார். ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. சட்டைப் பையில் ஒரு பேனாவும் ஒரு குட்டி பல்பும் இருக்கும். பல்பிலிருந்து இரண்டு ஒயர் தொங்கும். எந்த செல்லைப் பார்த்தாலும் ஒயரை இரண்டு முனையிலும் வைத்துப் பார்ப்பார். எரிந்தால், "ஜீவனுண்டு" என்பார். எரியாவிட்டால், "மரிச்சு" என்பார். டாக்டர் நாடி பார்த்துச் சொல்வதைப் போல அவ்வளவு துக்கமாகச் சொல்வார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, டீ வரும். கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். நாம் பாதி குடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கத் தொடங்கினால் மீதி டீ தொண்டையில் இறங்காது. அந்த ஆபீஸில் பாஸ்கரன் சார் கையால் டீ குடிக்க யாருமே ஆசைப்பட்டதில்லை.

முறையும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். பொத்தான் செல்லுக்கு இரண்டு முகத்திலும் டேப் ஒட்ட வேண்டும். ஒழுகும் செல்லை மூடி போட்ட டப்பாவில் தனியாக வைக்க வேண்டும். வீங்கிப்போன போன் பேட்டரியைக் குத்தாமல், நசுக்காமல், காய்ந்த மணல் பக்கெட்டில் தூங்கவைக்க வேண்டும். ஒன்றின் முனை இன்னொன்றின் முனையில் உரசினால் சூடேறும், சூடேறினால் புகையும், புகைந்தால் ஷெட்டும் போய்விடும், நம் வேலையும் போய்விடும். இதைக் கேட்ட நாளிலிருந்து நான் வீட்டில் ரிமோட்டைக்கூட டேப்போடுதான் தேடினேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவும் படித்து, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் இறங்கினால், ஊரில் ஒரு செல்கூடச் செத்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் செல்லுக்குச் சாவு என்பதே இல்லை. பிள்ளையின் பொம்மைக் காரில் ஓடாத செல் டீவி ரிமோட்டுக்குப் போகும். ரிமோட்டில் ஓயும்போது நாலு தட்டுத் தட்டுவார்கள், பல்லால் ஒரு கடி கடிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றுவார்கள்; கடிகாரத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான், ஓடும். கடிகாரமும் நின்றுவிட்டால் மதில்மேல் வெயிலில் காயவைத்து மறுபடி ரிமோட்டில் போடுவார்கள். வெயில் ஏறினால் சார்ஜ் ஏறும் என்பது எங்கள் ஊரில் கேள்வி கேட்காத சத்தியம். பாஸ்கரன் சார் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "சூடு தட்டினால் இத்திரி உணரும், சேச்சி. ஒரு நிமிஷம் கண்ணு திறக்கும். அது சார்ஜ் அல்ல" என்பார். எங்கள் ஜனங்கள், "ஆமாங் சார்" என்பார்கள். சொல்லிவிட்டுக் காயவைப்பார்கள்.

இது போதாதென்று பேட்டரிக்கென்று அச்சடித்து வந்த நாள், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளில் வாசலைத் தாண்டி ஒன்றும் போகாது. உப்புக் கேட்டாலும் கிடையாது, ஊசி கேட்டாலும் கிடையாது. கொடுத்தால் லட்சுமி கூடவே கிளம்பிவிடுவாள். காலிச் சாக்கோடு இரண்டாவது மாதமும் திரும்பியபோது எனக்கு டீ வந்தது.

"சேச்சி, எல்லா வீட்டிலயும் பேட்டரி உண்டு. பின்னே சாக்கில மாத்திரம் எந்தா இல்லாத்தது?" கண்ணாடி துணிக்குள் போனது.

"வெள்ளிக்கெழம குடுக்க மாட்டாங்க சார். லச்சுமி போயிருமாமா."

"மரிச்ச பேட்டரியிலயோ லட்சுமி?"

"வெளிச்சங் குடுத்ததில்லீங்களா சார்? அதுலயும் இருப்பாளாமா."

அவர் வெகுநேரம் துடைத்தார். வெள்ளிக்கிழமையை மாற்ற முடியாது. மற்ற நாளெல்லாம் வேறு சாமானுக்கு, வேறு வண்டிக்கு. வழி கண்டுபிடித்தது பாஸ்கரன் சாரும் இல்லை, நானும் இல்லை. பால் சொசைட்டித் தெருவில் ஒரு வீட்டம்மா. அடுத்த மாத வெள்ளியில் நான் வாசலில் நின்றபோது சொன்னாள்:

"நாங் குடுக்க மாட்டனுங்க்கா. வாசல் கேட்டுத் தூண்மேல கொட்டாங்குச்சியில கெடக்குது. நீங்களா எடுத்துட்டுப் போனா எனக்கென்ன தெரியும்?" சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தாள். நான் எடுத்துச் சாக்கில் போட்ட சத்தம் கேட்டதும், "காய் நல்லாத்தேம் புடிச்சிருக்குது" என்று மரத்திடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு மாதத்தில் இது ஊர் வழக்கமாகிவிட்டது. தூணிலோ மதிலிலோ கொட்டாங்குச்சி இருக்கும், நாங்கள் வருவோம், வீட்டம்மாள் தென்னை மரத்தைப் பார்ப்பாள். யாரும் எதையும் கொடுக்கவில்லை. லட்சுமியும் போகவில்லை, சாக்கும் நிறைந்தது. பாஸ்கரன் சார் கேட்டுவிட்டு, "சிஸ்டம் கொள்ளாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மயிலாத்தாள் சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகு போய்ப் படுத்திருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் உலை கொதித்தது இந்தப் பச்சைக் கோட்டால்தான். அதனாலேயே அவளுக்கு வேலையில் ஒரு வெறி. ஒரு கொட்டாங்குச்சியையும் விட மாட்டாள். நான் ஒரு தெரு முடிப்பதற்குள் அவள் இரண்டு தெரு முடித்திருப்பாள். அந்த வேகத்தில்தான் நாச்சிமுத்து அண்ணன் மதிலில் இருந்த கொட்டாங்குச்சியையும் கவிழ்த்துவிட்டாள்.

நாச்சிமுத்து அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோப்புக்கு அப்பால் அவருக்குக் கடலைக்காடு. பன்றித் தொந்தரவு. மற்றவர்கள் வேலி போட்டார்கள், வெடி வைத்தார்கள். இவர் ரேடியோ வைத்தார். நாலு பெரிய செல் போடுகிற பழைய ரேடியோ. இரவெல்லாம் காட்டு நடுவில் அலறும். "பாட்டு நின்னாலும் கொர்ர்ருனு எரையும் பாருங்க, அந்தச் சத்தத்துக்குத்தான் பன்னி பயப்படும்" என்பார். கேட்ட எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த ரேடியோவுக்கு அவரிடம் இரண்டு செட் செல். ஒரு செட் ரேடியோவில் வேலை செய்யும்போது இன்னொரு செட் மதில்மேல் வெயில் காயும். உருளாமல் இருக்கக் கொட்டாங்குச்சியில் வைப்பார். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சுண்ணாம்புப் பொட்டு. மில் வேலைக்காரர்களுக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக ஓய்வு கிடைத்திருக்காது. ஊரில் பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'வெயில் சார்ஜர்' என்று கூப்பிடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

மயிலாத்தாள் எடுத்துப் போன அன்று ராத்திரி ரேடியோவில் இருந்த செட்டும் ஓய்ந்துவிட்டது. மாற்ற ஆள் இல்லை. பன்றிகள் வந்து கடலைக்காட்டில் ஒரு மூலையை உழுதுவிட்டுப் போயின.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் திறந்ததுமே அவர் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்.

"காயப்போட்டதைத் திருடிப்போட்டாளுங்க! நல்லா நாலு நாள் வெயில் குடிச்ச செல்லு! இன்னிக்குச் செல்லுன்னு வருவா, நாளைக்கு மொளகா காயும், அதையுஞ் சாக்குல போடுவாளா? இவ இனி எங்க ஊட்டுப் பக்கம் வரப்படாது. எந்த ஊட்டுப் பக்கமும் வரப்படாது."

எழுதியும் கொடுத்தார். திருட்டு என்ற வார்த்தை காகிதத்தில் ஏறிவிட்டதால் பிரசிடெண்ட் தயங்கினார். புகாரைத் திருப்பி வாங்கினால் ஆயிற்று, இல்லாவிட்டால் திங்கட்கிழமைக் கமிட்டியில் மயிலாத்தாளின் அடையாள அட்டையை வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவானது. அவள் ஷெட்டு மூலையில் கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நாந் திருடுனனாங்க்கா?"

"கொட்டாங்குச்சில இருந்தா எடுக்கச் சொன்னது நாங்கதானடி."

"அவுரு கேட்க மாட்டேங்கறாருங்க்கா. எம் புள்ளைக கிட்ட என்ன சொல்றது?"

எனக்கு நாச்சிமுத்து அண்ணன்மேல் வந்த கோபத்தில் அந்தப் பன்றிகளுக்குப் பொங்கல் வைக்கலாம் போலிருந்தது. பாஸ்கரன் சார் யாருக்கும் டீ வாங்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. "தேடாம்" என்றார்; தேடலாம் என்று அர்த்தம். "அந்த ஆளுடெ செல் அந்த ஆளுக்குக் கொடுக்காம். பின்னே பேசாம்."

ஷெட்டில் இருட்டு. பொட்டு தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் வேண்டும். அதனால் அன்றைக்கே பஞ்சாயத்து வாசலில் பெரிய தார்ப்பாயை விரித்தோம். டிரம்மில் இருந்த செல்களை எல்லாம் எடுத்து வந்தோம். அள்ளிக் கொட்ட அவர் விடவில்லை. முனை முனையைத் தொடக்கூடாது. பெரியது பெரியதோடு, பென்சில் செல் பென்சில் செல்லோடு, இடம் விட்டு வரிசையாக. குனிந்து குனிந்து அடுக்கி நிமிர்ந்து பார்த்தால், கல்யாண வீட்டில் வடகம் காயப்போட்ட மாதிரி இருந்தது. நாச்சிமுத்து அண்ணனை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மடியில் ரேடியோவோடு அவர் பொட்டுத் தேடினார்.

அது ஆபீஸுக்கு ஆள் வரும் நேரம். வந்தவர்கள் பார்த்தார்கள். பஞ்சாயத்து வாசலில் செல் காய்கிறது. மேற்பார்வையாளரே கையுறை போட்டுத் திருப்பித் திருப்பி வைக்கிறார். நாச்சிமுத்து அண்ணன் ரேடியோவோடு காத்திருக்கிறார். இதற்குமேல் சொல்லவும் வேண்டுமா?

முதலில் வந்தவள், பால் சொசைட்டித் தெருவில் தென்னை மரத்தைப் பார்த்த அதே வீட்டம்மாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த செல்களை எங்கள் வரிசையின் கடைசியில் அழகாக அடுக்கினாள்.

"எப்பங்க்கா எடுத்துக்கலாம்?"

"என்னடி எடுத்துக்கலாம்?"

"காஞ்சதும்."

அவளுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். பிறகு தெருவே வந்தது. டார்ச்சில் இருந்ததை, ரிமோட்டில் இருந்ததை, கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்ததைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மாசக்கணக்காக வாசலில் நின்று கேட்டும் கிடைக்காத செல்லெல்லாம், காயவைத்துத் தருகிறார்கள் என்ற ஒரு வார்த்தைக்கு நடந்து வந்தது. பாஸ்கரன் சார் நாற்காலிமேல் ஏறி நின்று, தமிழும் மலையாளமும் கலந்து, இது சார்ஜ் ஏற்றுவது அல்ல, இது ஓர் அன்வேஷணம், காணாமல் போனதைத் தேடுவது, தயவுசெய்து கொண்டுபோங்கள் என்று அறிவித்தார். யாரும் கொண்டுபோகவில்லை. "கூட்டம் சேந்துருச்சுன்னு சாருக்குக் கோவம்" என்றார்கள். செல் சூடேறிவிடப் போகிறதே என்று அவர் குடையை விரித்து நிழல் பிடித்தார். "பாத்தியா, பதம் பாக்கறாரு" என்றார்கள்.

அப்போது நாச்சிமுத்து அண்ணன் எழுந்து கத்தினார். "இதா! எம்பொட்டு!"

நாலும் கிடைத்துவிட்டன. பாஸ்கரன் சார் வாங்கி முறைப்படி பல்பை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். முதல் செல், பல்பு எரியவில்லை. நாலாவது வரை எரியவில்லை. மரிச்சு. வழக்கமாக உடனே சொல்லிவிடுகிற மனிதர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மயிலாத்தாளைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. ரேடியோ பாடாவிட்டால், உங்கள் சாக்கில் கிடந்து என் செல் கெட்டுவிட்டது என்பார் அண்ணன். பாடினால், உயிருள்ள செல்லைத் திருடினாள் என்பது உறுதியாகிவிடும். இரண்டு பக்கமும் அவளுக்குத்தான் அடி.

நாச்சிமுத்து அண்ணன் செல்களைப் பிடுங்கி ரேடியோவில் போட்டுத் திருகினார். ஒன்றுமில்லை. ரேடியோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கொர்ர்ர் என்றது. பிறகு அந்தக் கொர்ருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், எங்கேயோ மழை பெய்யும் என்றோ பெய்யாது என்றோ, நாலு வார்த்தை தெளிவாகச் சொன்னது.

கூட்டம் கைதட்டியது. நாச்சிமுத்து அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷம் 'வெயில் சார்ஜர்' என்று சிரித்த பையன்கள் எல்லாம் முன்னால் நிற்கிறார்கள்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா? உசுரு இருக்குதுன்னு நாஞ் சொன்னனா இல்லியா?"

அதற்குள் அந்தக் குரல் இழுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு மூச்சில் அடங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. பாஸ்கரன் சாருக்கும் தெரிந்தது. அவர் பாய்ந்து வந்து அண்ணன் கையைப் பிடித்தார்.

"மதி! போதும்! ஆஃப் செய்யு. வெறுதே சார்ஜ் வீணாக்கண்டா!"

"ஆமாங் சார், ராத்திரிக்கு வேணுமில்ல" என்று அண்ணன் சட்டென்று திருகி நிறுத்தினார்.

பாஸ்கரன் சார் பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊர் கேட்க, "ஜீவனுண்டு" என்றார். "இந்தச் சேச்சி பத்திரமாய் வெச்சதுகொண்டு ஜீவன் போயில்லா." சொன்னபோது அவர் முகத்தில் வேப்பங்காயைக் கடித்த கசப்பு. செத்ததைச் செத்தது என்று சொல்லியே பெயர் வாங்கிய மனிதர் அவர். மயிலாத்தாளுக்காக அதை விழுங்கினார். அவரிடம் நான் குடித்த டீயெல்லாம் அந்த நிமிஷத்தில் ஜீரணமாகிவிட்டது. அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கையுறையில் கறுப்பு அப்பியிருந்ததால் விட்டுவிட்டேன்.

ஜெயித்த மனுஷனுக்குக் கோபம் எங்கே இருக்கும்? நாச்சிமுத்து அண்ணன் அங்கேயே புகாரைத் திருப்பி வாங்கிக் கிழித்தார். மயிலாத்தாளைப் பார்த்து, "நீ சூதானமானவ அம்மிணி. ஆனா ஒண்ணு. இனிமே மதிலுமேல கையை வெக்கறக்கு முந்தி ஒரு வார்த்த கேக்கோணும். காயறதா, குடுக்கறதான்னு. சத்தமாக் கேக்கோணும். காட்டுல இருந்தாலும் எனக்குக் கேக்கோணும்" என்றார். பாஸ்கரன் சார் அதை அன்றைக்கே முறையில் சேர்த்துவிட்டார். உங்கள் கத்தல் பிறந்தது இப்படித்தான், பிள்ளைகளா.

ஊர்க்காரர்கள் சாயங்காலம் வந்து அவரவர் செல்லை எடுத்துப் போனார்கள். திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒன்றிலும் சார்ஜ் ஏறவில்லையாம். "எங்க ஊட்டு வெயிலாட்ட இல்லீங், பஞ்சாயத்து வெயில்ல பவரே இல்ல" என்று சொல்லி, கோபத்தில் அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை கொடுக்கத் தடையில்லையே. கம்பெனி வண்டி அந்த மாதம் நிறைந்து போனது. பாஸ்கரன் சார் டேப் ஒட்டி ஒட்டி விரல் தேய்ந்து, எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். கண்ணாடியைத் தொடவில்லை. முதல் தடவையாக அந்த டீ இனித்தது.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். மயிலாத்தாள்தான் இப்போது எங்கள் வார்டுக்குத் தலைவி. மூத்த பெண் கல்லூரியில் படிக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை என் மதில் முன்னால் அவளும் அந்தப் போன் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். மதிலில் கொட்டாங்குச்சி. அதில் என் வீட்டு ரிமோட் செல் இரண்டு. நான் உள்ளே ஜன்னலோரம் ஒண்டி நின்றேன். சத்தமில்லாமல் போய்விடுவாள் என்று ஒரு நப்பாசை. அவளா விடுவாள்? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கடலைக்காடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"தெய்வானக்கா! காயறதா, குடுக்கறதா?"

எத்தனை வீட்டில் நின்று, வெயிலில் சார்ஜ் ஏறாதுங்க என்று நான் சொல்லியிருப்பேன்! பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலச் சீரியலில் அந்த மருமகள் வேறு மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"காயறதுதான்டி" என்றேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மயிலாத்தாள் சிரிக்கவில்லை. கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் எடுத்து, மதிலின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

"அங்க நெழலு உழுகுதுங்க்கா" என்றாள். "இங்கதான் வெயிலு."